சூழலுக்கு உகந்த வடிவமைப்பால் தொழிற்சாலைக் கழிவும் மின்செலவும் உண்மையில் குறையுமா?

குறையும். தகடு வெட்டி வளைக்கும் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஸ்கிராப் தொட்டியில் விழுவதில் பெரும்பகுதி, இயந்திரம் ஓடுவதற்கு முன்பே டிராயிங்கிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

எங்களிடம் ஒரு பிராக்கெட் (பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகட்டுத் துண்டு) தயாராகிக்கொண்டிருந்தது. தகட்டின் அகலம் 1250 மி.மீ., துண்டின் அகலம் 212. நடுவிலும் ஓரத்திலும் 2 மி.மீ. விட்டால் வரிசைக்கு 5 துண்டுதான் வரும். மிச்சம் 178 மி.மீ. பட்டை, கிட்டத்தட்ட ஒரு சாண், நேராக ஸ்கிராப்புக்கு. அது ஏன் 212 என்று ஒருநாள் டிசைன் பிரிவில் கேட்டேன். பழைய மாடலில் அந்த ஓரத்தில் ஒரு துளை இருந்ததாம். துளையை எடுத்துவிட்டார்கள், அதற்காக விட்ட இடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 7 மி.மீ. குறைத்து 205 ஆக்கினோம். வரிசைக்கு 6 வந்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

ஸ்கிராப்பைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாமே என்பார்கள். சரிதான், அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால் தாதுவிலிருந்து எடுப்பதைவிடச் சுமார் 95% ஆற்றல் மிச்சம். ஆனால் துண்டே விழாவிட்டால் மீதி 5 சதவீதமும் செலவாகாதே!

மின்சாரத்திலும் இதே கதைதான். குழாயில் நீரைத் தள்ளும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவு நீர் ஓடும்போது குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் உராய்வு இழப்பு (குழாய்ச் சுவரில் உரசி நீர் இழக்கும் அழுத்தம்) ஏறக்குறைய 32-ல் ஒரு பங்காகிவிடும். 1997-ல் இன்டர்ஃபேஸ் கம்பள நிறுவனத்தின் ஷாங்காய் ஆலைக்கு யான் ஸ்கில்ஹாம் என்ற பொறியாளர் இதைச் செய்து காட்டினார். குழாய்களை அகலமாக்கினார். முதலில் அவற்றை முடிந்தவரை நேராக வரைந்துவிட்டு, இயந்திரங்களை அதற்கேற்ப வைத்தார். பம்புகளுக்கு வேண்டிய திறன் 70.8 கிலோவாட்டிலிருந்து 5.3-க்கு இறங்கியது. பெரிய குழாய்க்கு விலை கூடுமே என்றால், கூடும். பம்பும் மோட்டாரும் சின்னதாகி மிச்சப்படுவதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இயந்திரங்கள் நின்றிருக்கும் இடைவேளையில் கூடத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். உஸ்ஸென்று காற்று கசிவது காதில் விழும். கவனிக்காமல் விட்ட இடங்களில் கம்ப்ரஸர் அழுத்தித் தரும் காற்றில் 20-30% இப்படியே போய்விடும். அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். அப்புறம் ஸ்கிராப் தொட்டியில் அதிகமாகக் கிடக்கும் துண்டு எதுவோ, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டிசைனரின் மேசைக்குப் போங்கள்.