கேட்டீங்க, சொல்றோம்: பட்டாளமும் பள்ளிவாசலும்

கேள்வி: என் மகன் அமெரிக்க ராணுவத்துல இருக்கான், குவைத் பேஸுக்கு போஸ்டிங், போற நேரம் ரமலான் மாசம். நாங்க முஸ்லிம் இல்ல. அவனும் நோன்பு இருக்கணுமா?

பதில்: வேண்டாம்மா. முஸ்லிம்கள்லயே நோயாளிக்கும் பிரயாணத்துல இருக்கிறவங்களுக்கும் சலுகை உண்டு, உங்க மகனை யாரும் பட்டினி கிடக்கச் சொல்லமாட்டாங்க. ஆனா கேம்ப் கேட்டை தாண்டிட்டா பகல்ல நாலு பேர் பார்க்க சாப்பிடக்கூடாது, தண்ணி குடிக்கக்கூடாது, சிகரெட்டும் கூடாது. குவைத்துல இது வெறும் மரியாதை சமாச்சாரம் இல்ல, 1968-லயே சட்டம் போட்டுட்டாங்க, 100 தினார் வரைக்கும் ஃபைன், இல்லன்னா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். கார்ல உட்கார்ந்துட்டு பாட்டிலை தூக்குறதும் வம்புதான். இன்னொண்ணு, கூட வேலை பாக்குற உள்ளூர்க்காரர் விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டவர், அவரை சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங்னு இழுத்து உட்கார வெச்சா மூஞ்சி எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இஃப்தாருக்கு, அதாவது சாயங்காலம் நோன்பு திறக்கிற சாப்பாட்டுக்கு கூப்பிட்டா தயங்காம போகச் சொல்லுங்க, பாங்கு சொல்லி அவங்க பேரீச்சம்பழத்தை வாயில போட்ட பிறகு இவன் கை நீட்டினா போதும்.

கேள்வி: பள்ளிவாசலுக்குள்ள பூட்ஸை கழட்டிட்டு போனா சரிதானே?

பதில்: டூரிஸ்டா போனா சரி. யூனிஃபார்ம்ல, தோள்ல துப்பாக்கியோட போறவனுக்கு பூட்ஸ் மட்டுமா பிரச்சனை? இராக், ஆப்கானிஸ்தான் போர் சமயத்துல அமெரிக்க சிப்பாய்களுக்கு 'ஜெனரல் ஆர்டர் நம்பர் 1'னு ஒரு உத்தரவு இருந்துச்சு, சரக்கு கூடாது, மதப்பிரச்சாரம் கூடாதுங்கிற வரிசையில, மேலிடத்து உத்தரவோ ராணுவ அவசியமோ இல்லாம முஸ்லிம் அல்லாதவங்க பள்ளிவாசலுக்குள்ள நுழையவே கூடாதுன்னும் இருந்துச்சு.

நுழையாமலே சிக்கல் வந்த கதையும் இருக்கு. 2003 ஏப்ரல் 3, இராக்ல நஜஃப் ஊர். அமெரிக்க ராணுவத்து லெப்டினன்ட் கர்னல் கிறிஸ் ஹியூஸ் தன்னோட ஆளுங்களோட ஷியா முஸ்லிம்களோட பெரிய மதகுரு அயதுல்லா சிஸ்தானியை பார்க்க போறார், அவர் வீடு இமாம் அலி தர்காவுக்கு பக்கத்துலயே இருக்கு, ஜனங்க இவங்க தர்காவுக்குள்ளயே பூரப்போறாங்கன்னு நினைச்சு கத்திக்கிட்டு வழியை மறிச்சிட்டாங்க. வானத்தை பார்த்து ரெண்டு சுட்டிருந்தா என்ன ஆகியிருக்குமோ. அவர் துப்பாக்கி முனையை தரைய பார்த்து திருப்பிக்கிட்டு, எல்லாரும் ஒரு முழங்காலை மண்டி போடுங்க, சிரிங்கன்னு உத்தரவு போட்டார். கூட்டத்துலயும் சிலர் உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் வந்த வழியே திரும்பி நடந்துட்டாங்க, ஒரு குண்டு கூட வெடிக்கல. என்னைக் கேட்டா அன்னைக்கு அவர் எடுத்த நல்ல முடிவே அந்த திரும்பி நடந்ததுதான், ஆயுதம் கையில இருக்கிறவனுக்கு பின்வாங்குறது லேசுல வராது.

கேள்வி: நல்ல எண்ணத்துல பண்ணி சொதப்பினது உண்டா?

பதில்: ஏன் இல்ல? 2007 ஆகஸ்ட், ஆப்கானிஸ்தான் கோஸ்ட் மாகாணம், பசங்க விளையாடட்டும்னு அமெரிக்கப் படை ஹெலிகாப்டர்ல இருந்து ஃபுட்பால் போட்டுச்சு. பந்து மேல பல நாட்டு கொடி, அதுல சவுதி கொடியும் ஒண்ணு, அந்தக் கொடியில கலிமா, அதாவது இஸ்லாத்தோட நம்பிக்கை வாசகம் எழுதியிருக்கு, அல்லாஹ் பேரும் நபி பேரும் இருக்கிற பந்தை காலால உதைக்கிறதா? ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க, மன்னிப்பு கேட்க வேண்டியதாச்சு. வாங்கும்போது ஒரே ஒரு ஆப்கன் மொழிபெயர்ப்பாளர்கிட்ட பந்தை காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்.

2012 பிப்ரவரி, ஆப்கானிஸ்தான்ல இருந்த அமெரிக்க பேஸ் பக்ராம்ல நடந்த விஷயம் இதைவிட மோசம். ஜெயில் லைப்ரரியில இருந்து கழிச்ச புத்தகங்களோட குர்ஆன் பிரதிகளும் எரிக்கிற குழிக்கு போயிருச்சு, பார்த்த ஆப்கன் தொழிலாளிங்க பதறிப்போனாங்க, அதுக்கப்புறம் நடந்த கலவரத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க, ஒபாமாவே மன்னிப்பு கேட்டு அப்போ ஆப்கன் அதிபரா இருந்த கர்சாய்க்கு லெட்டர் எழுதினார். வேணும்னே பண்ணல, தெரியாமதான்னு சொன்னாங்க, சரி, செத்தவங்க வீட்டுல அதைச் சொல்ல முடியுமா? வீட்டை சோதனை போடும்போது குர்ஆன் கண்ல பட்டா தானே தொடாம, கூட இருக்கிற முஸ்லிம் வீரரையோ வீட்டுக்காரரையோ எடுத்து வைக்கச் சொல்றதுதான் புத்திசாலித்தனம், தரையிலயும் வைக்கக்கூடாது, அது மேல வேற சாமானையும் வைக்கக்கூடாது.

கேள்வி: பெண் சிப்பாய்கள் முக்காடு போடணுமா?

பதில்: சவுதியில இருந்த அமெரிக்க பெண் வீரர்கள் பேஸை விட்டு வெளியே போனா அபாயா, அதாவது உடம்பு முழுக்க மூடுற தொளதொள அங்கி போடணும்னு ஒரு காலத்துல கட்டாயம் இருந்துச்சு. போர் விமானி மார்த்தா மெக்சாலி 2001-ல தன் அரசாங்கத்து மேலயே கேஸ் போட்டார், 2002-ல கட்டாயத்தை எடுத்துட்டாங்க. எனக்கு இதுல அந்தம்மா பக்கம்தான் நியாயம்னு படுது.

கேள்வி: அங்க பெண்களுக்கு கை குடுக்கலாமா?

பதில்: அவங்க நீட்டினா குடுக்கலாம். நீட்டலைன்னா நெஞ்சுல கை வெச்சு ஒரு சலாம், அதோட விடுங்க.