கணையப் புற்றுக்கு எம்.ஆர்.என்.ஏ. ஊசி: ஏஜென்ட்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. வெளிநாட்டில் எம்.ஆர்.என்.ஏ. புற்றுநோய்த் தடுப்பூசி போட ஏஜென்ட் ஒருவர் 22 லட்சம் கேட்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: வேண்டாம், ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கொரோனா ஊசியைப் போல எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை இது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் மரபணு மாற்றங்களைப் படித்து, அந்த ஒரு நோயாளிக்கென்றே தயாரிப்பது. புற்று செல்லை அடையாளம் கண்டு தாக்க நோய் எதிர்ப்பு செல்களுக்கு அது கற்றுக்கொடுக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 16 பேருக்குப் போட்டார்கள். 8 பேரின் உடம்பு அதை ஏற்று எதிர்ப்பைக் காட்டியது. சுமார் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த 8 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. எதிர்ப்பு வராத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பிவிட்டது. உண்மையிலேயே நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்த 16 பேருக்கும் கட்டி முழுதாக அகற்றப்பட்டிருந்தது, கீமோவும் சேர்ந்தே திட்டத்தில் இருந்தது. பரவிய நோய்க்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

ஏஜென்ட் உங்களிடம் கட்டியின் பிளாக்கைக் கேட்டாரா? பாரஃபின் மெழுகில் பதித்த திசு, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டியில் மருத்துவமனையின் நோய்க்கூறியல் (பேத்தாலஜி) பிரிவில் இருக்கும். திசுவே வாங்காமல் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும் கேட்பவர் எதை வைத்துத் தடுப்பூசி செய்வார்? வேறு ஏதோ ஊசியை இந்தப் பெயரில் விற்கிறார்கள். முறையான மருந்துச் சோதனை என்றால் அதற்குப் பதிவு எண் இருக்கும். இந்தியாவில் மருந்துச் சோதனைகளின் பதிவேடான சிடிஆர்ஐ (CTRI) தளத்தில் தேடலாம். சோதனை மருந்துக்கு லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணையக் கட்டியை இனிமேல்தான் எடுக்கப்போகிறார்கள் என்றால், சோதனையில் சேர வழியுண்டா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். அறுவை முடிந்து சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டியது இது. கீமோ பாதியில் வந்து கேட்டால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். இதை மருத்துவர்களே முன்வந்து சொல்ல வேண்டும், சொல்வதில்லை. பிளாக்கைத் திரும்ப வாங்கக்கூட நாலு மேசைக்கு அலையவிடுகிறார்கள். சிடிஆர்ஐ தளத்தைத் தமிழில் படிக்க வழியில்லை. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து தமிழில் பேசுகிறார், பிறகு ஜனங்கள் யாரிடம் போவார்கள்?

சரி, அப்பாவுக்கு இப்போது ஒன்று செய்யுங்கள். பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ரத்தம் கொடுத்தால் போதும். அதில் மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகை கீமோ நன்றாகக் கேட்க வாய்ப்புண்டு, அதன்பின் ஓலாபாரிப் மாத்திரையும் தரலாம்.