5 வாரமாகியும் மடங்காத முழங்கால்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு (வயது 67) முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 5 வாரமாகிறது. கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. இயன்முறை சிகிச்சைக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் தேதி கிடைத்தது. உருவிவிடும் ஒருவர், மூன்றே நாளில் மடக்கிவிடுவதாகச் சொல்கிறார். அழைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அறுவையில் வெட்டுப்பட்ட சவ்வும் தசையும் ஆறும்போது தழும்பாக இறுகுவதால்தான் கால் மடங்க மறுக்கிறது. ஒருவர் பலவந்தமாக மடக்கினால் வீக்கம் கூடும், வீங்கிய முழங்கால் முன்பைவிடக் குறைவாகவே மடங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கெண்டைக்காலில் இருக்கிறது: அங்கே இரத்தம் உறைந்திருந்து, அது தெரியாமல் உருவினால், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கக்கூடும். தோட்டப்புற வீடுகளுக்கு எண்ணெயும் முழங்கால் பட்டையும் தூக்கிக்கொண்டு வருபவர்களையும், ‘பிசியோ’ என்று சொல்லிக்கொண்டு ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேரம் பேசுபவர்களையும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இயன்முறை சிகிச்சையாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று மலேசியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சான்றிதழைக் காட்டத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டால், சிமெண்டுத் தரையில் கால் எளிதாகப் பின்னால் வழுக்கும். முடிந்தவரை இழுத்து, 5 விநாடி நிறுத்தி விடட்டும். 10 முறை, நாளுக்கு 4 வேளை. மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். படுக்கையில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வைத்தால் கால் நீளாமல் போகும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைக்கு முன்பே அம்மாவின் கால் எவ்வளவு மடங்கியது என்று நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் மடங்காமல் இறுகிப்போன காலில் தொடைத் தசையும் சுருங்கிவிடுவதால், புது மூட்டு வைத்தாலும் பழைய மடக்கத்தை ஒட்டியே புது மடக்கமும் அமையும்; அத்தகையவருக்கு 95 டிகிரி கிடைத்தாலே நல்ல பலன். பக்கத்து வீட்டுக்காரருக்கு 120 மடங்குகிறது என்று அம்மாவை வருத்தாதீர்கள்.

ஆனாலும் 70 போதாது. படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90க்கு மேல் வேண்டும். பயிற்சிக்கு மசியாத காலை மயக்கம் கொடுத்து மருத்துவர் மடக்கிவிடுவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான் நல்ல பலன் தரும். கத்தி வைக்கத் தேதி இருந்ததே, காலை மடக்கத் தேதி ஏன் இல்லை? அடுத்த மாதக் கடைசிவரை காத்திருக்காமல், இந்த வாரமே அறுவை செய்த பிரிவுக்கு நேரில் செல்லுங்கள். காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் இன்றே செல்லுங்கள். முகப்பில் இருப்பவரிடம் வேறு கதை எதுவும் சொல்லாமல், 5 வாரம், 70 டிகிரி என்ற இரண்டு எண்களையும் முதலில் சொல்லுங்கள்.