தவிட்டில் ரோகு தேறுகிறது, விரால் ஏன் இளைக்கிறது?

மன்னார்குடிப் பக்கம் குளம் வைத்திருக்கும் நீங்கள் கேட்டது இது: அதே தவிடு, அதே கடலைப் புண்ணாக்கு; ரோகு, கட்லா தேறுகின்றன, விரால் மட்டும் ஏன் இளைக்கிறது?

அரிவாள்மனையில் ரோகுவைக் கீறிப் பாருங்கள். இரைப்பை என்று தனியாக ஒன்று இருக்காது. மெல்லிய கயிறு போலக் குடல் சுருண்டு சுருண்டு வரும், உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். இரைப்பை அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் (நொதி என்றால் உணவைச் செரிக்க வைக்கும் பொருள்) அதற்குக் கிடையாது. கணையத்தில் சுரந்து குடலுக்கு வரும் டிரிப்சின் என்ற நொதிதான் புரதத்தை உடைக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி தாராளமாக இருப்பதால் தவிடு வீணாவதில்லை.

விரால் வேட்டைமீன். அதற்கு இரைப்பை உண்டு, அமிலமும் பெப்சினும் உண்டு, குடல் குட்டை. குஞ்சு மீனைச் செரிக்கும் வயிறு அது, அமைலேஸ் குறைவு. தவிட்டைக் கொட்டி அதை வாட்டாதீர்கள், பாவம். மீன்தூள் கலந்த, புரதம் கூடிய தீவனம் கொடுங்கள்.

அப்புறம், சோயாவைப் பச்சையாகப் போடவே வேண்டாம். டிரிப்சினைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் பெருமளவு போய்விடும்.

மார்கழியில் தண்ணீர் சில்லென்று இருக்கும்போது நொதிகளின் வேகமும் குறையும். வெயில் ஏறியபின் தீவனம் போடுங்கள், அளவையும் குறையுங்கள்.