பாகால்: பிசாசா, மழைத் தெய்வமா?

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் பாகாலைப் பிசாசு என்றே கற்றுக்கொண்டேன். அது மழைத் தெய்வம் என்று அண்மையில் படித்தேன். மழை வேண்டிக் கும்பிட்ட தெய்வம் எப்படிப் பிசாசானது? இப்படிக் கேட்பதே விசுவாசக் குறைவோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்கவே வேண்டாம். பாதி விடை வேதாகமத்திலேயே இருக்கிறது. கர்த்தரின் தீர்க்கதரிசி எலியா பாகாலின் ஆட்களோடு மோதிய கர்மேல் மலை என்றதும் வானத்திலிருந்து இறங்கிய அக்கினியும், பாகாலின் 450 தீர்க்கதரிசிகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கதை தொடங்குவது பஞ்சத்தில்; பனியும் மழையும் பெய்யாது என்கிறார் எலியா. முடிவது கடலிலிருந்து எழும்பும் உள்ளங்கை அளவு மேகத்தில். மழை யார் கையில் என்பதுதான் அங்கே நடந்த வழக்கு.

பாகாலைக் கும்பிட்டவர்களின் தரப்பை நாம் கேட்க நெடுங்காலம் வழியே இல்லை. 1928இல் சிரியாவின் கடலோரத்தில் ஒரு விவசாயியின் ஏர் பழைய கல்லறை ஒன்றில் இடித்தது. அடுத்த ஆண்டே பக்கத்தில் ராஸ் ஷம்ரா மேட்டைத் தோண்டினார்கள். உகாரித் நகரமும், 3,200 ஆண்டுகளுக்கு மேல் பழைய களிமண் பலகைகளும் கிடைத்தன.

அந்தப் பலகைகளில் பாகால் சாகிறான். மோத், அதாவது சாவு, அவனை விழுங்கிவிடுகிறது. கன்றுக்கு ஏங்கும் பசுவைப் போல அவனுக்காக ஏங்குகிறாள் தங்கை அனாத். பிறகு மோத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், சல்லடையில் சலிக்கிறாள், நெருப்பில் சுடுகிறாள், திரிகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். அத்தனையும் தானியத்துக்குச் செய்கிற வேலை! அப்புறம் வானம் எண்ணெய் பொழிவதாகவும் ஓடைகளில் தேன் ஓடுவதாகவும் மூத்த தெய்வம் ஏல் கனவு காண்கிறார். பாகால் பிழைத்துவிட்டான் என்று அவருக்குத் தெரிகிறது. நைல் போன்ற பெரிய ஆறு இல்லாமல், கோடை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவர்களின் கதை இது. இதைப் படித்தபின் பாகாலைப் பிசாசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காகத் தீர்க்கதரிசிகளின் கோபத்தைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். சீதோனிலிருந்து வந்து பாகால் வழிபாட்டை அரண்மனையில் ஏற்றிய ராணி யேசபேல், கர்த்தரின் தீர்க்கதரிசிகளைக் கொன்றாள். ஒரு திராட்சத்தோட்டத்துக்காக அதன் சொந்தக்காரன் நாபோத்தைச் சாகடித்தாள். எலியா எதிர்த்தது அந்த அதிகாரத்தையும் சேர்த்துத்தான். ஆனாலும் 'மேகங்களில் ஏறி வருபவன்' என்று உகாரித் பாகாலைப் பாடியது. மேகங்களைத் தேராக்கியவர் என்று 104ஆம் சங்கீதம் கர்த்தரைப் பாடுகிறது. இருவரும் அவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்ததால்தான் இவ்வளவு கடுமையாக விலக்க வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பிசாசாக மாறியது பிற்பாடு. இஸ்ரவேலின் அகசியா ராஜா நோயில் விழுந்தபோது, பிழைப்போமா என்று பெலிஸ்தரின் ஊரான எக்ரோனின் தெய்வம் பாகால்சேபூபிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறான். அங்கே அது இன்னும் வேற்றூர்த் தெய்வம்தான். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, மத்தேயு 12இல், அதே பெயர் பெயெல்செபூல் என்று வருகிறது; இப்போது அவன் பிசாசுகளின் தலைவன். அந்தப் பெயரைச் சொல்லி அங்கே பழிக்கப்படுவது இயேசு.

1 இராஜாக்கள் 17, 18 அதிகாரங்களை இன்னொரு முறை படியுங்கள். இந்த முறை மழையைப் பற்றிய வரிகளை மட்டும் தொடர்ந்துகொண்டே போங்கள்.

அன்புடன்.