மனம் அலைவது தோல்வியா? மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி குறித்த கேள்வி பதில்

கேள்வி: கண்ணை மூடி உட்கார்ந்த ஒரு நிமிடத்திலேயே அலுவலகக் கவலைகளும் பழைய சண்டைகளும் வந்துவிடுகின்றன. ஒரு மாதமாக முயன்றும் மனம் வெறுமையாகவில்லை. எனக்கு இது வராதோ?

பதில்: மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இக்கணத்தில் நிகழ்வதைக் கவனிக்கும் பயிற்சி; மனத்தை வெறுமையாக்குவது அதன் நோக்கமே அன்று. மூச்சில் கவனம் வைக்கிறீர்கள். அது நழுவிக் கவலைக்குள் போகிறது. சற்று நேரம் கழித்து, போய்விட்டோம் என்று தெரிகிறது. கோபமில்லாமல் மீண்டும் மூச்சுக்கு வருகிறீர்கள். இவற்றுள் மூன்றாவதாகச் சொன்ன அந்தத் ‘தெரிகிறது’ என்பதே பயிற்சியின் உயிர். பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறை அதைக் கண்டுகொண்டு திரும்பினீர்கள் என்றால், முப்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்றே பொருள். அலைவது உங்கள் ஒருவரின் குறையும் அன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் அவர்கள் மனம் செய்கின்ற வேலையில் இல்லை என்று தெரிந்தது.

கேள்வி: இது ஒரு மதத்தின் வழிபாட்டு முறைதானே? வேறு நம்பிக்கை உடையவர்கள் செய்யலாமா?

பதில்: வேர் பௌத்தத்தில் இருப்பது உண்மை, அதை மறைப்பது நேர்மையாகாது. பாலி மொழியில் ‘சதி’ எனப்படும் சொல்லுக்கு நினைவு, மறவாமை என்று பொருள். பௌத்தத்தின் எண்வழியில் வரும் ‘சம்மா சதி’யைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று எழுதும் மரபு உண்டு; ‘விழிப்புணர்வு’ என்று இன்று பொதுவாக வழங்கும் சொல்லைவிட அது நுட்பமானது என்பது என் எண்ணம். ஆனால் மருத்துவமனைகளில் இன்று கற்பிக்கப்படும் வடிவம், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பாடத்திட்டத்திலிருந்து வந்தது. அதில் மந்திரமோ வழிபாடோ இல்லை. எந்த நம்பிக்கை உடையவரும், எதுவும் இல்லாதவரும் செய்யலாம்.

கேள்வி: நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் தேவை?

பதில்: மூலப் பாடத்திட்டம் நாளுக்கு 45 நிமிட வீட்டுப் பயிற்சியைக் கேட்கிறது. புதியவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. பத்து நிமிடம், ஆனால் நாள்தோறும்.

கேள்வி: மூச்சைக் கவனித்தால் மன அழுத்தம் எப்படிக் குறையும்? வீட்டுக் கடன் அப்படியேதானே இருக்கிறது?

பதில்: கடன் அப்படியேதான் இருக்கும், பயிற்சி அதைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாறுவது வேறொன்று. அச்சுறுத்தல் ஒன்றை உணர்ந்தவுடன் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்களைச் சுரந்து, இதயத்தை விரைவுபடுத்தி, தசைகளை இறுக்குகிறது. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். ஆனால், கட்ட வேண்டிய தவணையை நாம் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்து இருபதாவது முறையாக எண்ணும்போது, எதிரே எதுவும் நிகழாமலேயே உடல் மீண்டும் மீண்டும் போருக்கு ஆயத்தமாகிறது. ‘இப்போது நடப்பது கடன் அன்று, கடனைப் பற்றிய எண்ணம்’ என்று அந்த நேரத்தில் அடையாளம் காணப் பழகியவருக்கு, அந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுகிறது. மிச்சமாகும் தெம்பைக் கடனை அடைக்கும் வழியைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்கச் செலவிடலாம்.

கேள்வி: மூளையின் அமைப்பையே எட்டு வாரத்தில் மாற்றும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த தொடக்க ஆய்வுகள் அப்படிக் கூறின. 2022இல் வெளியான, கூடுதலானோரைக் கொண்டு கட்டுப்பாட்டுடன் செய்யப்பட்ட ஆய்வு, எட்டு வாரத்தில் அத்தகைய அமைப்பு மாற்றம் எதையும் காணவில்லை. விளம்பரங்கள் இன்னும் பழைய செய்தியிலேயே நிற்கின்றன.

கேள்வி: பதற்ற நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இதைத் தொடங்கினால் அதை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்ற நோய் உடைய 276 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வில், எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களும் எஸ்சிட்டலோபிராம் மருந்து எடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றார்கள் என்பது மெய்தான். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த ஒப்பீடு. எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தைத் திடீரென விடலாம் என்பதற்குச் சான்று அன்று. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அளவைக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே நெஞ்சு அடைப்பது போலாகி, பயம் கூடுகிறது. பொறுத்துக்கொண்டு தொடர வேண்டுமா?

பதில்: வேண்டாம். இக்கேள்வியை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஏனெனில் பயிற்றுநர் பலர் இதைப் பேசுவதே இல்லை. பதற்றம் மிகுந்தவர்களுக்கு மூச்சே அச்சத்தின் இடமாக இருக்கும். அதை உற்றுப் பார்க்கப் பார்க்க அச்சம் வளரும். கடுமையான நிகழ்ச்சிகளைக் கடந்து வந்தவர்களுக்கோ, கண்ணை மூடிய அமைதியில் பழைய காட்சிகள் திரும்ப வருவதுண்டு. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டுவிட்டு, தரையில் படும் பாதத்தையோ, அறையில் கேட்கும் ஒலிகளையோ கவனியுங்கள். நடந்தபடி செய்வது இன்னும் எளிது. அப்போதும் அச்சம் தணியாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறான சிக்கல். உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறேன்.

பதில்: இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். ஐந்து மணி நேரமே தூங்குபவருக்கு உடல் கேட்பது தியானம் அன்று, தூக்கம், அதைக் கொடுத்துவிடுங்கள். போதிய தூக்கம் இருந்தும் கண் செருகினால், உணவு உண்டவுடன் உட்காராமல், காலையில் நின்றபடி செய்து பாருங்கள்.