டெல்லி இறக்குமதியை நிறுத்தினால் பர்மா உளுந்துக்கு என்ன வழி?

கேள்வி: பெகு பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர். நெல் அறுத்ததும் உளுந்து போடுகிறோம். 2017இல் இந்தியா திடீரென்று கட்டுப்பாடு போட்டபோது, கையில் இருந்த சரக்கை அப்பா அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். போன அறுப்பில், "சென்னையில் வண்டு என்று சொல்லிக் கழித்துவிட்டார்கள்" என்று வியாபாரி மூட்டைக்கு விலை குறைத்தார். இதையெல்லாம் கேட்க உலக அளவில் சட்டம் எதுவும் இல்லையா? இந்த வருஷம் உளுந்தை நம்பலாமா?

பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் முதல் குறைக்கு அது அவ்வளவாக உதவாது. இரண்டாவதற்கு நன்றாகவே உதவும்.

2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. அங்கே அந்த வருஷம் பருப்பு அமோக விளைச்சல். அரசு அறிவித்த ஆதரவு விலைகூடக் கிடைக்காமல் அந்த ஊர் விவசாயி தவித்த நேரம் அது. உலக வர்த்தக அமைப்பின் அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, இறக்குமதிக்கு வரி போடலாம், அளவு வைத்துத் தடுக்கக் கூடாது என்கிறது. பர்மாவும் இந்தியாவும் 1948 முதல் அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகள் ஜெனீவாவில் இதைப் பற்றி இந்தியாவிடம் கேள்வியும் கேட்டன.

ஆனால் அங்கே வழக்குப் போட அரசாங்கத்தால்தான் முடியும். விவசாயிக்கோ ஏற்றுமதியாளருக்கோ அந்த உரிமை இல்லை. போட்டாலும் வருஷக்கணக்கில் இழுக்கும். மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. ஜெயித்தாலும் போன வருஷ நட்டத்துக்கு ஈடு கிடைக்காது, இனிமேல் திருத்திக்கொள் என்பதோடு சரி. நம் உளுந்தில் பெரும்பகுதியை வாங்குவது இந்தியா ஒன்றுதான் என்னும்போது, எந்த அரசும் அந்த வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்கத் தயங்கும்.

வழக்குக்குப் பதில் பேச்சுவார்த்தையில் வந்ததுதான் 2021 புரிந்துணர்வு ஒப்பந்தம். 2021-22 முதல் 2025-26 வரை ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று இந்தியா ஒப்புக்கொண்டது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இது இந்திய அரசே வாங்கிக்கொள்ளும் என்ற வாக்கு இல்லை. இறக்குமதி செய்வது தனியார் வியாபாரிகள், விலைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அப்புறம் தேதி விஷயம். உளுந்துக்கான தடையற்ற இறக்குமதி அனுமதியை இந்தியா சமீப வருஷங்களில் பெரும்பாலும் மார்ச் 31 வரை என்று கெடு வைத்துத்தான் நீட்டித்து வந்திருக்கிறது. நம் அறுப்பு முடிந்து சரக்கு ரங்கூன் பயின்னவுங் சந்தையில் குவிவதும் அதே சமயம்தான். நீட்டிப்பு அறிவிப்பு வரும்வரை வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், விலை இறங்கும். அதனால் விதைக்கும் முன்பே, நடப்பு அனுமதி எந்தத் தேதி வரை, பழைய ஒப்பந்தத்துக்கு அடுத்து என்ன ஏற்பாடு என்று ஏற்றுமதியாளர் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வராத நிலையில் மார்ச் தாண்டிச் சரக்கைப் பதுக்கி வைப்பது சூதாட்டம். கடன் வாங்கி விதைத்தவர் அதைச் செய்யவே கூடாது.

இனி வண்டு. இங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் 1951இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் பர்மாவும் இந்தியாவும் உறுப்பினர்கள். அதன்படி, கப்பல் ஏறும் முன் நம் வேளாண்மைத் துறையின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவு சரக்கைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் சரக்கைத் திருப்பினாலோ அழித்தாலோ, இன்ன சரக்கு, இன்ன காரணம் என்று இந்தியா எழுத்தில் நம் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த உடன்படிக்கையின் 13ஆம் எண் தர விதி சொல்வது இதைத்தான்.

ஆகவே வியாபாரி "சென்னையில் கழித்துவிட்டார்கள்" என்றால், அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். சான்றிதழ் எண்ணும் கப்பல் ஏறிய தேதியும் அவரிடம் இருந்தாக வேண்டும். உங்கள் சரக்கு எப்போது அவர் கைக்குப் போனது என்பதோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். உயிருள்ள வண்டு கண்டால்கூடத் துறைமுகத்தில் பெரும்பாலும் மறுபடி புகைமூட்டி விடுவித்துவிடுவார்கள். மூட்டைக்கு அவர் பிடித்த தொகை அந்தப் புகைமூட்டச் செலவைவிடப் பல மடங்கு என்றால் தாராளமாகச் சண்டை போடலாம். தனியாகப் போகாதீர்கள், அவரிடமே விற்ற நாலைந்து பேர் சேர்ந்து போங்கள்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். பயறு வண்டு வயலிலேயே காயில் முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். களத்தில் ஒரு கைப்பிடி உளுந்தை வெயிலில் விரித்துப் பாருங்கள்: கறுப்புத் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்ட ஓட்டை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது. பல்லில் கடித்தால் சடக்கென்று உடையும்வரை காயவையுங்கள். போன வருஷச் சாக்கை, கொதிநீரில் போட்டுக் காயவைக்காமல், திரும்பப் பயன்படுத்தாதீர்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிமருந்துக்கு இந்தியா கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொதுவாக அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பேர் தெரியாத மருந்தை அடித்துவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை.

எவ்வளவு போடலாம் என்றால், பன்னிரண்டில் ஆறு ஏக்கருக்கு மேல் உளுந்து வேண்டாம் என்பேன். மீதியில் பாசிப்பயறு போடுங்கள். அதற்கு இந்தியா 2022 பிப்ரவரியிலேயே மறுபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஆனாலும் சீனா போன்ற வேறு நாடுகள் வாங்குகின்றன. டெல்லி அறிவிப்பு ஒன்று வந்தால் பன்னிரண்டு ஏக்கரும் ஒரே நாளில் விலை போகாமல் நிற்காது.